மாடியில கூழாங்கல் கொட்டலாமா? அவசரம்

ஓடி_கடலூர்: ஷீட் போட்டும் மாடி ஒழுகுது. மேல 2 அங்குலம் கூழாங்கல் பரப்பினா காத்துக்கும் வெயிலுக்கும் நல்லதுங்கிறார் வேலைக்காரர். நாளைக்கு லோடு வருது. கல் போட்டா ஒழுகல் நிக்குமா?

கெடிலக்கரை: எந்த ஷீட்? ஆஸ்பெஸ்டாஸா, தார் ஷீட்டா? எத்தனை சதுர அடி? எங்க ஒழுகுது?

பாகூர்_பில்டர்: ஆஸ்பெஸ்டாஸ்னா கல்லை மறந்துடுங்க. ஷீட்டோட மேட்டுல மட்டும் துளை போட்டு, தார் வாஷர் வெச்சு ஜே போல்ட் (கொக்கி மாதிரி வளைஞ்ச போல்ட்) முடுக்குங்க. பள்ளத்துல போட்டா அதுவே ஒழுகும்.

வில்லியனூர்77: குப்பத்துல எல்லா ஷீட் மேலயும் கல் இருக்கே, சும்மாவா வைக்கிறாங்க?

பாகூர்_பில்டர்: நம்ம கரைக்கு வடிவமைப்புக் காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோ வரும். நாலு கல் எந்த மூலைக்கு? ஷீட் பறந்தா அந்தக் கல்லும் சேர்ந்து பறக்கும்.

மூத்த_பொறியாளர்: கேள்வியை ஒழுங்கா கேட்கத் தெரியாதவங்களுக்குப் பதில் சொல்றதே வீண். கூரைக்குக் கல் போடுறது ஏன்னு முதல்ல படிச்சுட்டு வாங்க.

ஓடி_கடலூர்: கான்கிரீட் தளம் சார். தார் ஷீட், சூடு காட்டி ஒட்டினது. 900 சதுர அடி.

கெடிலக்கரை: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். கல் ஒழுகலை நிறுத்தாது. ஒட்டாம சும்மா விரிச்ச ஷீட்டைக் காத்து தூக்காம அமுக்கி வைக்கவும், வெயில்ல தார் வெடிக்காம காக்கவும்தான் கல். உங்களது ஒட்டினது, காத்துக்குக் கல் தேவையில்ல. வெயிலுக்கு மட்டும்தான் கேள்வி.

900 சதுர அடிக்கு 2 அங்குலம்னா ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), கிட்டத்தட்ட 7 டன். பரப்பினா சதுர மீட்டருக்கு 80 கிலோதான். ஆனா லோடை ஒரே இடத்துல 2 அடி குவிச்சா அந்த இடத்துல சதுர மீட்டருக்கு ஒரு டன் ஏறும். ஆள் நடமாடுற மாடிக்குக் கணக்கு வைக்கிறதே 150 கிலோதான்.

லோடை நிறுத்துங்க. தண்ணி இறங்குற குழாய் வாயையும், ஷீட் கைப்பிடிச் சுவர்ல ஏறுற இடத்தையும் பாருங்க. ஷீட் அரை அடியாவது சுவர்ல ஏறி, சுவர்ல வெட்டின காடிக்குள்ள செருகியிருக்கணும். சரி பண்ணி 2 நாள் தண்ணி கட்டிப் பாருங்க. கல் போட்டுட்டா ஓட்டையைத் தேட 7 டன்னையும் அள்ளணும்.

முத்தியால்பேட்டை: அப்புறமும் போடுறதா இருந்தா கழுவின உருண்டைக் கல், 20 முதல் 40 மில்லி. கிரஷர் ஜல்லி வேண்டாம், முனை ஷீட்டைக் குத்தும். அடியில ஜியோ துணி (தண்ணி இறங்குற கெட்டியான செயற்கை இழைத் துணி) விரிங்க. குழாய் வாய்க்குச் சல்லடைக் கூடு இல்லேன்னா முதல் ஐப்பசி மழையிலயே அடைச்சுக்கும்.

மூத்த_பொறியாளர்: இதுக்குப் பதிலா வெள்ளைத் தட்டோடு பதிச்சா வேலை முடிஞ்சது. கல்லுக்குள்ள ஆலஞ்செடி முளைக்கும்.

முத்தியால்பேட்டை: தார் ஷீட் மேல நேரா தட்டோடா? இடையில காரை போடாம எப்படி நிக்கும் சார்?

ஓடி_கடலூர்: குழாய் வாயில ஷீட் பிளந்திருக்கு. லோடு வேணாம்னுட்டேன். நன்றி.

வில்லியனூர்77: சரி, குப்பத்து ஷீட்டுக்கு மணல் மூட்டையாவது வைக்கலாமா?

பாகூர்_பில்டர்: சாக்கு வெயில்ல இத்துப்போகும், மணல் கொட்டிடும். போல்ட்டே போடுங்க.