பொருள்: 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி'க்கு வேறு சொல் உண்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

பதினோராம் வகுப்பு வேதியியல் பயிற்சி ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'காரணி' என்றதும் மாணவர்கள் வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு இதுதான்: 56 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? எது முதலில் தீர்கிறதோ அதற்கு ஒரு சின்னச் சொல் வேண்டும்.

---

'முன்தீர்பொருள்' எனலாமே. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். மிஞ்சுவது 'எஞ்சுபொருள்'.

---

> முன்தீர்பொருள்

ஐயா, 'னலமுன் றனவும்' என்கிறது நன்னூல்; ன், ல் முன் வரும் 'த்' 'ற்' ஆகும். 'முன்றீர்பொருள்' என்றே புணரும்.

---

பையன்கள் அதை 'முந்நீர்' என்று படித்துக் கடலுக்குப் போய்விடுவார்கள்!

---

முந்நீர் என்றால் ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்ந்தது என்பது ஒரு சாரார் உரை. ஆக்கல், அளித்தல், அழித்தல் என்ற முத்தன்மையைச் சொல்வோரும் உண்டு. எனக்கு இரண்டாவதே சரியெனப் படுகிறது.

---

நண்பர்களே, வெள்ளிக்கிழமை! 'குறைபொருள்' போதாதா? எல்லாருக்கும் புரியும்.

---

புரியும், தப்பாகப் புரியும். கிராமில் ஹைட்ரஜன் குறைவு. மோலில், அதாவது துகள் எண்ணிக்கைக் கணக்கில், நைட்ரஜன் குறைவு: 56/28 = 2, ஹைட்ரஜன் 10/2 = 5. மோல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவன் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு 4 மோல் அம்மோனியா, 68 கிராம் என்பான். போட்டதே 66 கிராம்தான்!

சமன்செய்த சமன்பாட்டில் 1 நைட்ரஜனும் 3 ஹைட்ரஜனும் சேர்ந்து 2 அம்மோனியா. மோலை அந்தந்தக் கெழுவால் (சமன்பாட்டில் அதன் முன் நிற்கும் எண்ணால்) வகுக்க வேண்டும்: 2/1 = 2, 5/3 = 1.67. சிறியது ஹைட்ரஜன், அதுவே முதலில் தீரும். அம்மோனியா 5 × 2/3 = 3.33 மோல், 17ஆல் பெருக்க 56.7 கிராம். மிஞ்சும் நைட்ரஜன் 0.33 மோல், 9.3 கிராம். கூட்டினால் 66. இந்தச் சரிபார்ப்பையும் ஏட்டில் சேருங்கள். 1.67ஐ இடையிலேயே 1.7 ஆக்கினால் 57.8 கிராம் வந்து கணக்கு உதைக்கும்.

---

இலங்கையில் வினைபடுபொருளைத் 'தாக்கி' என்போம். 'மட்டுப்படுத்தும் தாக்கி' என்றால் சிக்கலே இல்லை. வினையில் எது எவ்வளவு சேரும் என்ற இந்தக் கணக்கு, உங்கள் 'வேதிவினைக்கூறு விகிதம்', எங்களுக்குப் 'பீசமானம்'.

---

பீசம் வடசொல், மானமும் அப்படியே.

---

இதற்கு 1792இல் ஜெர்மன் வேதியியலாளர் ரிக்டர் ஆக்கிய 'ஸ்டாய்க்கியோமெட்ரி' என்ற சொல்லும் கிரேக்கத்தில் 'தனிமம்', 'அளவு' இரண்டையும் ஒட்டியதுதான். அதற்கு நேரான 'பீசமானம்' அழகாகவே இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் 'தாக்கி' என்றால் அடிதடி.

---

தேர்வுத்தாளில் பாடநூல் சொல்லான 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி'தான் வரும். அதையே வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'முதலில் தீரும் வினைபடுபொருள்' என்று விளக்கம் தருகிறேன். ஐந்து பேர் சரி என்றிருக்கிறீர்கள். மிஞ்சுவதற்கு 'எஞ்சுபொருள்' நிற்கட்டும்.

---

சரி என்ற ஐவரில் நான் இல்லை. 'எஞ்சுபொருள்' நிற்கும்போது 'தீர்பொருள்' ஏன் நிற்கக் கூடாது? 'முன்' இல்லாவிட்டால் புணர்ச்சித் தொல்லையும் இல்லை.