ஒன்றரை ஷிஃப்ட் வேலைக்காரருக்கு ஏஏ கூட்டம் பார்ப்பது எப்படி? (திருப்பூர்)

நொய்யல்கரை:
அக்கா வீட்டுக்காரருக்கு 41 வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குடிநோய் சிகிச்சை முடிந்து போன வாரம் டிஸ்சார்ஜ் ஆனார். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார். தினமும் ஒன்றரை ஷிஃப்ட், வெளியே வர ராத்திரி எட்டரை ஆகிவிடும். சம்பளம் சனிக்கிழமை. விசாரித்த ஒரு கூட்டம் சர்ச் வளாகத்தில் நடக்கிறதாம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமா தயங்குகிறார். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம் வேறு. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? அக்கா கூடப் போகலாமா?

மொட்டைமாடி:
இடத்தை அப்புறம் பார்க்கலாம்ங்க, முதலில் கிழமையும் நேரமும். சம்பளம் கையில் இருக்கும் சனிக்கிழமை ராத்திரிதான் அவருக்குக் கண்டம். எட்டரைக்கு வேலை முடிகிறது, டாஸ்மாக் மூடுவது 10 மணிக்கு. நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் கூட்டம் வேண்டும். நேரில் நடக்கும் கூட்டங்கள் பல அவர் வெளியே வருவதற்குள் முடிந்துவிடும். அதனால் ஞாயிறு நேரில் ஒன்று, சனியும் வாரநாளில் இன்னொரு நாளும் போனில் ஆன்லைன் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஹெட்போன் இல்லாமல் உட்கார்ந்தால் வாய் திறக்கமாட்டார்; மாடிக்கு அனுப்பிவிடுங்கள். சம்மதித்தால் சம்பளம் அக்கா கணக்கில் ஏறட்டும்.

ஏஏ இந்தியா இணையதளத்தில் ஊர்வாரியாக உதவி எண்கள் உண்டு. அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: தமிழில் நடக்கிறதா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா (அதாவது வீட்டாரும் வரலாமா), இந்த வாரமும் அதே இடம்தானா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குழு இடம் மாறியிருக்கும், பட்டியலில் பழைய முகவரியே நிற்கும். பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர் மறுவாரம் கிளம்புவது கஷ்டம்.

சர்ச் விஷயம்: வாடகை குறைவு, ஹால் காலியாக இருக்கும், அவ்வளவுதான். ஏஏ எந்த மதத்தோடும் சேர்ந்ததில்லை. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் 12 படிகளில் கடவுள் பேச்சு வரும். 'நாங்கள் உணர்ந்துகொண்ட வகையில்' என்ற சொல்லும் கூடவே வரும். குலதெய்வத்தை நினைத்துக்கொள்வதோ, அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்வதோ அவர் இஷ்டம். கட்டணம் கிடையாது. கடைசியில் நன்கொடைப் பை சுற்றிவரும், புதியவர் போட வேண்டியதில்லை. பெயர் மட்டும் சொன்னால் போதும். பேச விருப்பமில்லை என்றால் "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்றால் விட்டுவிடுவார்கள்.

பயம் தீரவில்லை என்றால் முதல் இரண்டு வாரம் கோவையில் ஒரு கூட்டத்துக்குப் போகலாம். அதையே வழக்கமாக்க வேண்டாம். 50 கிலோமீட்டர் பஸ் பயணம் ஒரு மாதத்தில் அலுத்துவிடும்.

ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று குழு, மொத்தம் ஆறு தடவையாவது உட்காரட்டும். பல வருடம் குடிக்காமல் இருப்பவரும், மூன்று மாதம் ஆனவரும் ஒரே அறையில் இருந்தால் நல்ல குழு. முடிந்து டீ குடிக்கும்போது யாராவது நம்பர் கொடுத்து, "கை நடுங்குச்சுன்னா, வாங்கப் போறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க" என்கிறார்களா பாருங்கள். ஸ்பான்சர், அதாவது கூடவே நின்று வழிகாட்டும் பழைய உறுப்பினர், அங்கிருந்துதான் கிடைப்பார். ஒரே ஆள் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்யும் இடமோ, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடமோ வேண்டாம். மருந்து விஷயம் டாக்டருடையது. அதில் தலையிடுவது ஏஏ வழக்கமே இல்லை.

வார்டு நம்பர் 4:
மருந்து பற்றி ஒன்று சேர்க்கிறேன். டைசல்பிராம் (குடித்தால் உடம்பு ஏற்காமல் செய்யும் மாத்திரை) கொடுத்திருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். அதைச் சாப்பிடுகிறவருக்குக் குடி மட்டுமில்லை, அரிஷ்டமும் ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கும் ஆகாது. முகம் சிவந்து, படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கும். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அந்த ஆபத்து இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

மறுபடி தினசரிக் குடி தொடங்கிவிட்டால், வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாத பூச்சி தெரிவது எல்லாம் வரலாம். அப்போது ஆஸ்பத்திரி முதலில், கூட்டம் அப்புறம். வழி கேட்க 14446, கட்டணமில்லாத தேசிய உதவி எண்.

செவ்வந்தி:
அக்கா திறந்த கூட்டத்துக்குப் போகலாம். மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். வாசலில் காத்திருந்தாலும் உள்ளே இருப்பவர் மனம் திறக்கமாட்டார், விட்டுவிட்டுக் கிளம்பிவிடட்டும். அக்காவுக்கென்று அல்-அனான் (குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான குழு) தனியாக இருக்கிறது. பாட்டில் தேடுவது, வாயை மோந்து பார்ப்பது, கம்பெனிக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, இதையெல்லாம் எப்படி விடுவது என்று அங்கே பேசுவார்கள். அவர் ஏஏ போகாத வாரமும் அக்கா போகலாம். "இன்னைக்கு என்ன பேசினீங்க?" என்று மட்டும் மாமாவைக் கேட்கக் கூடாது.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா?

மொட்டைமாடி:
கண்டிப்பா. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. போதையோடு வந்தால் பேசாமல் உட்காரச் சொல்வார்கள், அவ்வளவே. குடிக்காத நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். மறுநாள் காலையிலேயே ஸ்பான்சருக்குப் போன் போடச் சொல்லுங்கள், அடுத்த சனி வரை காத்திருக்க வேண்டாம்.