ஒட்டிய பிராக்கெட்டைக் கழற்றி மறுபடி ஒட்டுவார்களா?

மன்னார்குடி அம்மா:
பெண் ஒன்பதாவது படிக்கிறாள். தெத்துப்பல்லுக்காகத் தஞ்சாவூரில் கிளிப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. இப்போது மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துச் சின்னப் பல்லில் பிராக்கெட்டை, அதாவது கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் குட்டித் துண்டை, எடுத்துவிட்டு இடம் மாற்றி ஒட்ட வேண்டும் என்கிறார்கள். "இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு முதலிலேயே சரியாக ஒட்டத் தெரியாதா?" என்று இவள் அப்பா குதிக்கிறார். இன்னொன்று, கடைவாய்ப்பல்லுக்கு மட்டும் ஏன் வளையம்? அதற்கு முன்னால் பல்லிடுக்கில் நீல ரப்பர் வைத்தார்கள், தயிர்சாதம்கூட மெல்ல முடியாமல் அழுதாள். திருவாரூரில் என் நாத்தனார் பையனுக்குக் கடைவாயிலும் ஒட்டத்தான் செய்தார்கள்.

குடந்தை பல் டாக்டர்:
சாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கம்மா. வயர் சும்மா ஒரு வில், பல்லை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கெல்லாம் பிராக்கெட்டில் வயர் உட்காரும் காடியிலேயே வெட்டியிருக்கும், அதுவும் பல்லுக்குப் பல் வேறாக. 1970களில் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன் டாக்டர்தான் ஒவ்வொரு பல்லுக்கும் கம்பியை வளைத்து வளைத்து உட்காருவார்.

ஆகவே பிராக்கெட் உட்காரும் இடம்தான் பல் போகும் இடத்தைத் தீர்மானிக்கிறது. மேல் முன்பல்லுக்கு நுனியிலிருந்து நாலரை, ஐந்து மில்லிமீட்டர். உங்கள் பெண்ணின் அந்தச் சின்னப் பல்லுக்கு அதைவிட அரை மில்லிமீட்டர் குறைவு. ஈறுப் பக்கம் அரை மில்லிமீட்டர் ஏறிவிட்டால் பல் அவ்வளவு கீழே இறங்கி நீளமாகத் தெரியும். சாய்ந்து ஒட்டினால் வேரும் சாயும், ஓரமாக ஒட்டினால் பல் திரும்பும்.

முதல் நாளே ஏன் முடியவில்லை? தெத்துப்பல் என்றால் பக்கத்துப் பல் பாதியை மூடிக்கொண்டிருக்கும். கிடைத்த இடத்தில் ஒட்டி, பல் வரிசைக்கு வந்த பிறகு உரிய இடத்துக்கு மாற்றுவோம். கெட்டியான ஸ்டீல் வயர் போடுவதற்கு முன் இதைச் செய்கிறவர் கவனமாகப் பார்க்கிறார் என்றுதான் நான் சொல்வேன். மாற்றியதும் பழையபடி மெல்லிய நிக்கல் டைட்டானியம் வயர் போடுவார்கள், வைத்தியம் பின்னால் போகிறது என்று பயப்படாதீர்கள். தனியாகக் காசு கேட்டால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்.

ஒட்டும்போது பல்லில் பாஸ்பாரிக் அமில ஜெல்லைத் தடவிக் கழுவிக் காயவைப்பார்கள், பல் சுண்ணாம்பாக வெளுக்கும். அந்த நேரத்தில் எச்சில் பட்டால் பசை பிடிக்காது. நாக்கை அடக்கி வைக்கச் சொல்லுங்கள். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில்: பிராக்கெட்டைச் சுற்றிப் பிதுங்கிய பசையைத் துடைக்காமல் விடுவது. அங்கே அழுக்குத் தங்கி, கிளிப் எடுக்கும்போது பல்லில் வெள்ளைத் திட்டு நிற்கும்.

கடைவாயில் மெல்லுகிற பாரம் அதிகம், அதனால் பேண்ட், நீங்கள் சொன்ன அந்த வளையம். கடைவாய்ப்பற்கள் நெருங்கி நிற்பதால் பேண்டின் தகடு நுழைய வழிவிடத்தான் அந்த நீல ரப்பர். திருவாரூரில் ஒட்டியதும் தப்பில்லை, இப்போது பலர் அப்படிச் செய்கிறார்கள். அண்ணத்தில் கம்பி வைக்க வேண்டுமென்றால் பேண்ட்தான் வசதி.

மாயவரத்தான்:
அக்கா, நான் வேலைக்குப் போன பிறகு கிளிப் போட்டவன். பிராக்கெட்டைக் கட்டும் குட்டி ரப்பர் வெள்ளையில் வேண்டாம், நம் வீட்டுச் சாம்பார் மஞ்சளுக்கு மறுநாளே நிறம் மாறிவிடும். அடர்நீலம் கேளுங்கள். பொங்கல் கரும்பு, சீடை, தட்டை மூன்றும் எதிரி. பேண்ட் லேசாக ஆடினாலே ஓடிப் போங்கள். எனக்கு ஒன்று தளர்ந்தது, வலிக்கவில்லை என்று விட்டிருந்தேன், அடியில் சொத்தை.

மன்னார்குடி அம்மா:
டாக்டர், அண்ணத்தில் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறது. நாக்கில் அதன் தடம் பதிந்திருக்கிறது, அது பரவாயில்லையா?

குடந்தை பல் டாக்டர்:
அப்போ பேண்ட் போட்டதற்குக் காரணம் அதுதான். தடம் மட்டும் என்றால் பயமில்லை, கம்பியை எடுத்ததும் மறையும். புண்ணாகியிருந்தாலோ கம்பி அண்ணத்தில் அழுந்தினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.