புதுப்பிப்பு: இலவச உதவிக் குழுவில் கட்டணம் பேசியது குறித்து
தக்கலையில் கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர், லினக்ஸ் கணினியில் பில் அச்சாகவில்லை என்று எங்கள் தன்னார்வ உதவிக் குழுவில் கேட்டதும், உறுப்பினர் ஒருவர் பொதுவில் பதிலேதும் சொல்லாமல் தனிச்செய்தியில் கட்டணம் பேசியது முறையா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன்.

அந்த உறுப்பினரிடம் நேரில் பேசினேன். கூலி வாங்குவது தவறன்று. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கான உரிமமான ஜி.பி.எல்.-இன், 1991-இல் வெளியான இரண்டாம் பதிப்பே உத்தரவாதத்துக்குக் கட்டணம் பெற இடமளிக்கிறது, லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் திட்டமும் கட்டணத்துக்கு உதவும் ஆலோசகர்களின் பட்டியலை வெளியிடுகிறது. ஆனால் தீர்வை மறைத்துவைத்து விலை பேசினால், நாளை அதே சிக்கலில் மாட்டும் குளச்சல்காரருக்கு எதுவும் மிஞ்சாது என்பதே என் வருத்தம். அவர் அதை ஏற்று, நின்றுபோயிருந்த கப்ஸ் (லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் நிரல்) சேவையை மீண்டும் தொடங்கும் வழியைக் குழுவிலேயே எழுதினார். தேங்கிக் கிடந்த 11 பில்களும் வரிசையாக வெளிவந்தன. கடைக்கு வந்து செய்து தரும் வேலைக்கு மட்டும், அதுவும் கேட்பவர்களிடம் மட்டும், இனிக் கட்டணம் சொல்வார்.