இம்பால்–மோரே சாலையில் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சக்கரக்கால்: நானே ஆரம்பிக்கிறேன். 2019 நவம்பரில் போனேன். மணிப்பூர்த் தலைநகர் இம்பாலிலிருந்து பர்மா எல்லையில் இருக்கும் மோரேவுக்கு 110 கிலோமீட்டர்தானே, காலை பத்துக்குள் போய்விடலாம் என்று விடியும் முன்பே ஷேர் வண்டியில் ஏறினேன். பல்லேல் வரை சமதரை, இரண்டு பக்கமும் வயல். அதற்குப் பிறகு மலை. தெங்னௌபாலில் பனிமூட்டம், முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, நான் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

குடெங்தாபி சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் நடக்க வேண்டும். என் முறுக்கு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்கள். பின்னால் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். தூக்கிவாரிப் போட்டது! பர்மா எல்லைக்குப் பக்கத்தில், சுத்தமான தமிழ்.

அவர் பிறந்தது ரங்கூனில். 1962இல் பர்மிய ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியதும் குடும்பத்தோடு கப்பலேறிச் சென்னை வந்திருக்கிறார்கள். அகதி முகாம் ஒத்துவரவில்லை. தரைவழியாகவே திரும்பிவிடலாம் என்று இந்தப் பக்கம் வந்தால் எல்லையில் விடவில்லை, அப்படியே மோரேயில் தங்கியாயிற்று. "போறதுக்குத்தான் வந்தோம், கடை போட்டுட்டோம்" என்றார் சாதாரணமாக. அப்படி வந்தவர்கள் பலர் சேர்ந்துதான் அங்கே தமிழ்ச் சங்கம், அங்காள பரமேஸ்வரி கோயில் எல்லாம். ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு "எண்ணெய் பழசு" என்று சொன்னதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தெற்குத்தெரு: நான் அதற்கு முந்தைய வருடம். மோரேயில் எல்லையின் இரண்டாம் கேட்டைத் தாண்டினால் பர்மாவின் நம்பாலாங் சந்தை, பிளாஸ்டிக் செருப்பும் போர்வையும் மலைமலையாக. சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால், வண்டியும் சாலையின் வலது பக்கம். நம்மூர் பழக்கத்தில் வலது பக்கம் மட்டும் பார்த்துக் கால் வைத்து ஒரு பைக்காரரிடம் பர்மிய மொழியில் திட்டு வாங்கினேன், திட்டு என்பது மட்டும் புரிந்தது.

மோரேக்காரன்: இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் மூட்டை கட்டிவிடாதீர்கள். 2020 ஜனவரியிலிருந்து மணிப்பூருக்குள் வரவே வெளியாட்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட்டை மூடினார்கள். அப்புறம் 2023 மேயில் பள்ளத்தாக்கு மெய்தேய்களுக்கும் மலை குக்கிகளுக்கும் இடையே கலவரம். அதிலிருந்து சாலை இரண்டாகிவிட்டது, மெய்தேய் ஓட்டுநர் மலைக்கு ஏற முடியாது, குக்கி ஓட்டுநர் பள்ளத்தாக்குக்கு இறங்க முடியாது. தமிழர்களான நாங்கள் இரண்டு பக்கமும் இல்லை, ஆனால் வண்டி அவர்களுடையதுதானே? அம்மாவை இம்பாலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போனபோது நடுவழியில் இறங்கி, ஸ்கேன் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வேறு வண்டிக்கு நடந்தோம். அம்மா கேட்டது ஒன்றுதான்: "இன்னும் எத்தனை கேட்டுடா?"