காக்கா சவூதி போறாரு, அங்க அம்புலன்ஸுக்கு எந்த நம்பர்?

ஏறாவூர்ப் புள்ள:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட காக்கா ஆறு வருஷமா ஷார்ஜாவுல இருந்தவரு, அடுத்த கிழம சவூதிக்கு, தபூக் பக்கம் டிரைவர் வேலைக்குப் போறாரு. சீனி வருத்தமும் பிரஷரும் இரிக்கி. போன வருஷம் அவர்ட ரூம்ல ஒருத்தருக்கு நடுச்சாமத்துல நெஞ்சுவலி வந்து, ஆறு பேர் நிண்டும் ஒருத்தருக்கும் நம்பர் தெரியாம கடைசியில டெக்சி புடிச்சிக் கொண்டு போயிருக்காங்க. அல்லாஹ் காப்பாத்தினான், ஆள் பொழச்சிட்டாரு, ஆனா அதக் கேட்ட நாள்ல இருந்து உம்மாக்கு நித்திர இல்ல. அதுக்குப் பொறகுதான் காக்கா 998 எண்டு பாடமாக்கி வெச்சிருக்காரு. சவூதியிலயும் அதேதானா? இஞ்ச இருந்து நாங்க அடிக்கலாமா?

தபூக்ல 12 வருஷம்:
வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. அந்த 998 பாடத்த முதல்ல மறக்கச் சொல்லுங்க. எமிரேட்ஸ்ல 998 அம்புலன்ஸ், 997 தீயணைப்பு. சவூதியில அப்படியே தலகீழ், 997தான் அம்புலன்ஸ், 998 அடிச்சா தீயணைப்பு எடுப்பான். அங்க இருந்து இஞ்ச மாறி வாற ஆக்கள் இதுலதான் மாட்டுப்படுறாங்க. பொலிஸ் மட்டும் ரெண்டு நாட்டுலயும் 999. ரியாத், மக்கா பக்கம் போனா எல்லாத்துக்கும் 911 ஒண்டே போதும்.
நம்பர விடக் கஷ்டம் எங்க இரிக்கிறம் எண்டு சொல்றது. பள்ளிக்குப் பக்கத்துல, பக்காலாவுக்கு (பலசரக்குக் கடைக்கு) பின்னால எண்டு சொன்னா எந்த வண்டி வரும்? கட்டிடத்துக்கு நாலு எழுத்தும் நாலு இலக்கமும் சேர்ந்த குறுக்கு விலாசம் ஒண்டு இரிக்கி, போய் இறங்கின அண்டைக்கே கபில்ட (வேலைக்கு எடுத்த முதலாளிட்ட) கேட்டு எழுதி ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்க. அரபு வராட்டியும் "இஸ்ஆஃப்" எண்ட ஒரு சொல்லு தெரிஞ்சிருக்கணும், அம்புலன்ஸ் எண்டு விளங்கிக்குவாங்க.

கல்லடி, இப்ப லண்டன்:
இங்க 999, 112 எத அடிச்சாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். காய்ச்சல், வயித்துக்குத்து மாதிரி உசிருக்கு ஆபத்தில்லாததுக்கு 111. அம்மா வந்து நிண்ட நேரம் அதுக்கு எடுத்து "தமிழ்" எண்டு மட்டும் சொல்லச் சொன்னன், மொழிபெயர்க்கிற ஆள லைன்ல எடுத்துத் தந்தாங்க, அம்மா தன்ட வருத்தத்த தானே சொன்னா. சுவிஸ்ல இருக்கிற ஆக்களுக்கு அம்புலன்ஸ் 144, பிரான்ஸ்ல 15, ரெண்டு இடத்துலயும் 112உம் வேலை செய்யும்.

கல்முனை நர்ஸ்:
தங்கச்சி, இஞ்ச இருந்து அந்த நம்பர் அடிச்சி வேலையில்ல. இப்படிச் சின்ன நம்பரெல்லாம் நிக்கிற நாட்டுக்குள்ள மட்டும்தான் போகும். அதால காக்காட ரூம்காரர் ரெண்டு பேர்ட +966 நம்பர வாங்கி வெச்சிக்கோங்க, அவர் கோல் எடுக்காட்டி அவங்களுக்கு எடுக்கலாம். போன் பூட்டியிருந்தாலும் எமர்ஜென்சி கோல் போகும், அந்தத் திரையிலயே சீனி வருத்தம், குடிக்கிற குளிச, வீட்டு நம்பர் எல்லாம் போட்டு வெக்கலாம். கோல் எடுத்தா அவங்க சொல்லும் வரைக்கும் கட் பண்ண வேணாம், வண்டி வாற வரைக்கும் என்ன செய்யணும் எண்டு சொல்லித் தருவாங்க.
உம்மாக்கு நம்மட நாட்டு அம்புலன்ஸ் நம்பர் 1990 தெரியுமா? அதையும் கேளுங்க. நம்மட ஆஸ்பத்திரிக்கும் ஆக்கள் இன்னும் ஓட்டோவுலதான் கொண்டு வாறாங்க, 1990 அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வீட்டு வாசலுக்கே வரும்.

ஏறாவூர்ப் புள்ள:
ஜஸாக்கல்லாஹு கைர் எல்லாருக்கும். கேட்டன், உம்மாக்கு பொலிஸ் நம்பர் 119 மட்டும்தான் தெரியும். 1990 எண்டு குளிர்சாதனப் பெட்டி கதவுல பெருசா எழுதி ஒட்டிட்டன். காக்காக்கு 997 எண்டு அட்டையில எழுதி பேர்ஸுக்குள்ள வெச்சாச்சி, 998அ போன்ல இருந்து அவரே என் முன்னுக்கு அழிச்சிட்டாரு.