வீட்டுக்கே போகும் வலி நிவாரண வேலை: நெல்லைப் பக்கத்து அணியினர் அனுபவம்

நர்ஸ், களக்காடு பக்கம்:
இந்த வேலையில் மனசு நிறைவது வலி குறையும்போதுதான். பத்துக்கு எட்டு என்று வலியைச் சொன்ன ஆச்சி, அடுத்த விசிட்டில் மூணு என்று சொன்னால் அன்றைய அலைச்சல் தெரியாது. அதற்கு மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் போகணும். "வலிச்சா குடுப்போம்"னு வீட்டில் நிறுத்தி வைப்பார்கள். ஏறிவிட்ட வலியை இறக்குவது பெரும்பாடு. காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10 என்று காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். டாக்டர் எழுதியிருந்தால் ராத்திரி 10 மணிக்கு இரட்டை அளவு. நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம். மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கு பிசாகோடில் மாத்திரையை முதல் நாளே ஆரம்பிக்கணும். இல்லையென்றால் வயிறு கட்டி, வீட்டார் மார்ஃபினையே நிறுத்திவிடுவார்கள்.

வாய்ப்புற்றுப் புண் நாறினால் சலைனில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுங்கள். நாற்றம் அடங்கினால் பேரப்பிள்ளைகள் கட்டில் பக்கம் வருவார்கள். எந்தப் பாராட்டுச் சான்றிதழும் அதற்கு ஈடில்லை.

டாக்டர், பாளையங்கோட்டை:
அணி சோர்வது சாவைப் பார்த்து என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மருந்து இல்லாமல் போய் நிற்பதுதான் ஆளை உடைக்கும். 2014 போதைப்பொருள் தடுப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மார்ஃபின் வைக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும். ஆனாலும் மார்ஃபின் வைக்கத் தயங்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. ஒரு வார மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்த சீட்டை எழுதிவிடுங்கள்.

அடுத்த பாரம், சீக்கை "அப்பாட்ட சொல்லிராதீய" என்கிற பிள்ளைகள். அவர்களோடு மல்லுக்கட்டாமல், "என்ன சீக்குன்னு நெனைக்கிய தாத்தா?" என்று அவரிடமே கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் தெரிந்துதான் இருக்கும், வீட்டாருக்காக நடிக்கிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட், வள்ளியூர்:
அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்தபின் வீட்டு விசிட் கூடியது, நல்லதுதான். ஒரே நாளில் எட்டு வீடு போட்டால் எங்கேயும் உட்கார முடியாது. வேலை கசப்பது அப்படித்தான். படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட் கொடுத்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்லுங்கள், கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும்.

இறந்தபின் போவதற்குப் பல ரெஜிஸ்டர்களில் கட்டமே இல்லை. பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து ஏர் பெட்டை எடுக்கப் போகிற சாக்கில் அரை மணி நேரம் இருந்து பேசிவிட்டு வாங்க. மிச்சமுள்ள மார்ஃபினை அவர்கள் முன்னாலேயே எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.